சோக்கின் சூடும் செலவுக் கணக்கும்

(திசு வளர்ப்புக்கூடங்களின் நிர்வாகம் குறித்து மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே 'திட்ட மதிப்பீடு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அத்தலைப்பில் பேசுவதென்றால் நிகர இன்றைய மதிப்பு, ஆதாய விகிதம், மூலதனம் திரும்பும் காலம் என்று கரும்பலகை நிறைய எழுதலாம். அவற்றைத் தங்கள் பாடப் புத்தகங்களிலேயே காணலாம். நான் இன்று பேச எண்ணியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சிறிய பொருளைப் பற்றி. குழல் விளக்கின் பட்டியில் மறைந்திருக்கும் சோக்கு என்ற பொருள்தான் அது. நேற்று இதைச் சொன்னபோது இங்குள்ள மின்பொறியாளர் நண்பர் சிரித்தார். பொருளாதாரம் படித்தவனுக்கு மின்கம்பியில் என்ன வேலை என்பது அவர் சிரிப்பின் பொருள். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இவ்வுரை.

திசு வளர்ப்பு முறையில் வாழை, கரும்பு, உருளைக்கிழங்கு முதலியவற்றின் நாற்றுகள் உற்பத்தியாகும் விதம் தாங்கள் அறிந்ததே. நோயற்ற தாய்ச் செடியின் ஒரு துளிர் முனையை எடுத்து, ஊட்டக்கூழ் நிரம்பிய கண்ணாடிக் குப்பியில் இட்டு, பன்மடங்காகப் பெருக்குகிறோம். அக்குப்பிகள் வாரக்கணக்கில் தங்கியிருக்கும் இடமே வளர்ப்பு அறை. அங்கே சூரியன் கிடையாது. அடுக்கடுக்கான இரும்பு அலமாரிகள். ஒவ்வோர் அடுக்கின் மேலும் குழல் விளக்குகள். நாளொன்றுக்குப் பொதுவாக 16 மணி நேர வெளிச்சம். அளவு 2,000 முதல் 3,000 லக்ஸ் வரை. வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ், அதற்கு மேலோ கீழோ 2 டிகிரி. இந்த 2 டிகிரியைக் காப்பாற்றுவதற்காகவே குளிர்சாதனம் இடைவிடாது ஓடுகிறது.

2005-06ஆம் ஆண்டில் தேசியத் தோட்டக்கலை இயக்கம் தொடங்கிய பிறகு இத்தகைய கூடங்களுக்கு அரசு உதவி பெருகியது. 2006ஆம் ஆண்டில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை திசு வளர்ப்பு நாற்றுகளுக்குத் தேசியச் சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. நாற்றில் நச்சுயிரி உள்ளதா, அது தாய்ச் செடியின் இனத்திற்கு மாறாதிருக்கிறதா என்பனவெல்லாம் சோதிக்கப்படுகின்றன. அந்த நாற்றின் தலைக்கு மேல் தொங்கும் விளக்கின் சோக்கு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கேட்பாரில்லை. அண்மைக் காலத்தில் அமைந்த கூடங்களில் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. எனினும் பழைய கூடங்கள் பலவற்றில் குழல் விளக்குகளே எரிகின்றன. இரண்டிலும் சூட்டின் பிரச்சினை உண்டு. முதலில் பழையதைப் பார்ப்போம்.

சோக்கின் வேலை எளியது. குழல் விளக்கினுள் இருப்பது இழை அன்று. வாயுவும் பாதரச ஆவியும். அதன் வழியே மின்னோட்டம் பெருகப் பெருக அதன் தடை குறைந்துகொண்டே போகும். கட்டுப்படுத்தாவிட்டால் நொடிப்பொழுதில் விளக்கு அழிந்துவிடும். ஆகவே அதற்குக் கடிவாளமாக, இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய தாமிரக் கம்பிச் சுருள் ஒன்றை வைக்கிறோம். கடிவாளம் பிடிப்பவருக்கும் கை வலிக்கத்தானே செய்யும்! கம்பியின் தடையால் ஒரு பகுதியும், இரும்பில் காந்தப்புலம் நொடிக்கு 50 முறை மாறிச் சுழல்வதால் மற்றொரு பகுதியுமாக மின்சக்தி வெப்பமாக மாறுகிறது. 40 வாட் குழல் விளக்கின் சாதாரணச் சோக்கில் இவ்விழப்பு சுமார் 10 முதல் 15 வாட். 40 வாட் என்று எழுதியிருக்கும் விளக்கு உண்மையில் 50 வாட்டுக்கு மேல் உண்கிறது. குழலின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் பெருக்கிக் கணக்கிடுவோர் முதலில் தவறுவது இங்கேதான். திட்ட அறிக்கைகளில் இத்தவற்றை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நானும் ஒரு முறை கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

அந்த ஒரு முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தக்காணப் பகுதியில் வாழை சாகுபடி மிகுந்த ஒரு மாவட்டத்தில், தனியார் ஒருவர் திசு வளர்ப்புக்கூடம் அமைத்தார். வங்கிக் கடனும் அரசு மானியமும் இணைந்த திட்டம். மதிப்பீட்டுக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். அறிக்கையில் 'வளர்ப்பு அலமாரிகள், மின்னிணைப்புடன்' என்று ஒரே வரி. விலைப்புள்ளிகள் மூன்று, அவற்றுள் குறைந்தது தேர்வாயிற்று. நானும் கையெழுத்திட்டேன். மானியத்தின் அடுத்த தவணைக்கு முன் நேரில் பார்வையிடச் சென்றபோது கூடம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. தரை பளிச்சென்றிருந்தது, பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன.

வளர்ப்பு அறையில் ஓர் உதவியாளர் அம்மையார் குப்பிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். பட்டம் பெற்றவர் அல்லர், வேலையிலேயே கற்றவர். அலமாரியின் ஓரத்திலிருந்த ஒரு வரிசைக் குப்பிகளை எடுத்து என்னிடம் காட்டினார். உட்சுவரெல்லாம் வியர்த்திருந்தது. உள்ளே இருந்த துளிர்கள் இயல்பான பச்சையாக இல்லாமல், நீரில் ஊறிய கண்ணாடி போல் பளபளத்தன. இலைகள் தடித்து, முறுக்கி, தொட்டால் ஒடிந்துவிடும் போலிருந்தன. அடுத்த வரிசையில் அதே நாளில் இட்ட குப்பிகள் நன்றாக இருந்தன. "இந்த வரிசை எப்போதும் இப்படித்தான் ஆகிறது. கீழே அடுப்பு இருப்பது போல" என்றார் அவர். அடுக்கின் பலகையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன், கையை வைத்திருக்க முடியவில்லை.

காரணம் எளிது. கீழ் அடுக்கின் விளக்குகளுக்கான சோக்குகளை, மேல் அடுக்கின் அடிப்பக்கத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்றில் வரிசையாக அடைத்திருந்தனர். கண்ணுக்கு அழகாக இருந்தது; கம்பி ஒன்றும் வெளியே தெரியவில்லை. ஆனால் சோக்குகளின் சூடு மேலே இருந்த குப்பிகளின் அடியைக் காய்ச்சிற்று. அடி சூடாகவும் மேற்பகுதி குளிராகவும் இருந்தால், கூழிலிருக்கும் நீர் ஆவியாகி மூடியிலும் சுவரிலும் படிகிறது. ஈரம் தேங்கிய குப்பியில் துளிர்கள் கண்ணாடித்தன்மை அடைகின்றன. அவற்றை மண்ணில் நட்டால் பிழைப்பது அரிது. அறையின் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 25 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. அறையின் சராசரி சரியாக இருந்தது. செடி நின்ற இடம் சரியாக இல்லை. புள்ளிவிவரம் பயின்ற நமக்கு இது புதிய பாடம் அன்று.

பார்வை அறிக்கையில் இதைப் பற்றி நான் ஒரு வாக்கியம் எழுதினேன். 'சில குப்பிகளில் ஈரப்பதம் மிகுதியாகக் காணப்படுகிறது; உரிமையாளர் கவனிக்கலாம்' என்பது அவ்வாக்கியம். பெட்டியைத் திறந்து மாற்றும் வரை தவணையை நிறுத்தி வையுங்கள் என்று எழுதவில்லை. மானியத்தைத் தாமதிப்பது தொழில் முனைவோரைத் துன்புறுத்துவதாகும் என்று அப்போது எண்ணினேன்.

நான்கு மாதங்கள் கழித்து, கோடையின் உச்சத்தில், ஓர் இரவில் அப்பெட்டிகளில் ஒன்று புகைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. காவலர் முதன்மை மின்விசையை அணைத்தார், தீ பரவவில்லை. ஆனால் குளிர்சாதனமும் விளக்குகளும் அதே இணைப்பில் இருந்தன. மின்வழிகளைப் பரிசோதித்து மறுபடி இணைப்புக் கொடுக்க இரண்டு நாள் ஆயிற்று. வெளியே 42 டிகிரி. மூடிய அறையில் குப்பிகள் வெந்தன. தப்பியவற்றுள்ளும் புகையும் தூசியும் வழியாகப் பூஞ்சை நுழைந்தது. அக்கூடத்தில் முன்பணம் கட்டியிருந்த விவசாயிகள் ஜூன்-ஜூலை நடவுக்குக் காத்திருந்தனர். அவர்களுக்கு நாற்று கிடைத்தது அக்டோபர் நடவுக்குத்தான். நிலத்தை உழுது, சொட்டுநீர்க் குழாய் பரப்பி, கடன் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அந்த நான்கு மாதத்தின் வட்டியை யார் கொடுப்பது? மானியக் கோப்பில் அதற்கும் பத்தி கிடையாது.

பின்னர் மின்பணியாளர் ஆராய்ந்து கண்டது இதுதான். ஒரு குழல் விளக்கு ஆயுள் முடிந்து எரியாமல் நின்றிருந்தது. அதன் ஸ்டார்ட்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அவ்வாறு ஒட்டினால் குழலின் இரு முனைகளும் செந்தணலாக ஒளிரும். நடுவில் வெளிச்சம் இராது. வீட்டில் தாங்களும் பார்த்திருப்பீர்கள். எரியாத விளக்குதானே, நாளை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். உண்மையில் அந்நிலையில்தான் சோக்கு மிகுதியாக உழைக்கிறது. இயல்பான மின்னோட்டத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதன் வழியே ஓடுகிறது. கம்பியில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இரு மடங்குக்கும் மேல். சில நிமிடங்கள் இருந்தால் பாதகமில்லை. அந்த அறையில் அது பல நாட்கள் அவ்வாறே இருந்திருக்கிறது. சோக்கினுள் நிரப்பியிருந்த தார் போன்ற பொருள் உருகி ஒட்டுப்பலகையில் வழிந்திருந்தது.

இரவில் நிகழ்ந்ததும் தற்செயல் அன்று. பகலின் வெப்பத்தைத் தவிர்க்கவும், சில மாநிலங்களில் இரவுக் கட்டணச் சலுகையைப் பெறவும், வளர்ப்பு அறையின் 16 மணி நேர வெளிச்சத்தில் பெரும் பகுதியை இரவில் வைப்பது வழக்கம். இரவில் ஊரின் மின்பளு குறைவதால் வழங்கு மின்னழுத்தம் உயரும். நமது நாட்டில் 230 வோல்ட் என்பது பெயரளவு. 10 சதவீதம் ஏறினால் 253. அழுத்தம் அவ்வாறு ஏறும்போது சோக்கின் இரும்பு காந்த நிறைவை நெருங்குகிறது. அப்போது மின்னோட்டம் அழுத்தத்தின் விகிதத்தைவிட வேகமாக உயர்கிறது. பகலில் வந்து பார்வையிடும் அலுவலர் கையை வைத்து 'மிதமான சூடு' என்று எழுதிவிட்டுப் போவார். நள்ளிரவு 2 மணிக்கு அதே சோக்கு வேறு சோக்கு.

மாணவ நண்பர்களுக்காக இங்கே ஒரு விவரம். நல்ல தயாரிப்பாளர் தமது சோக்கின் மேல் இரண்டு வெப்ப எண்களை அச்சிடுகிறார். ஒன்று, சுருள் தாங்கக்கூடிய உச்ச வெப்பநிலை; பெரும்பாலும் 130 டிகிரி என்றிருக்கும். அவ்வெப்பநிலையில் இடைவிடாது இயங்கினாலும் குறைந்தது 10 ஆண்டு உழைக்கும் என எதிர்பார்க்கலாம் என்பதே இதன் பொருள். மற்றொன்று, இயங்கும்போது சுற்றுப்புறத்தைவிட எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்பது. இது 65 என்றிருப்பதாகக் கொள்வோம். 30 டிகிரி உள்ள திறந்த இடத்தில் சுருள் 95 டிகிரிக்குச் செல்லும், கவலையில்லை. அதையே காற்றில்லாத மரப்பெட்டியில் அடைத்து, பெட்டிக்குள் காற்று 65 டிகிரியை எட்டிவிட்டால், சுருள் தன் எல்லையான 130இல் நிற்கிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் மின்காப்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. 10 ஆண்டு என்பது 5 ஆண்டு, பிறகு இரண்டரை ஆண்டு. ஆக, சோக்கின் தரம் எவ்வளவு முக்கியமோ, அது குடியிருக்கும் வீடும் அவ்வளவு முக்கியம். முதல் தரச் சோக்கைப் பெட்டியில் புழுங்க வைப்பவர் பணத்தை வீணாக்குகிறார்.

சுருளின் உள்வெப்பத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. தாமிரத்தின் தடை சூட்டோடு ஒழுங்காக ஏறும் இயல்புடையது. அறை வெப்பநிலையிலிருந்து சுமார் 26 டிகிரி ஏறினால் தடை 10 சதவீதம் கூடும். குளிர்ந்த நிலையில் 40 ஓம் காட்டிய சுருள், சில மணி நேரம் இயங்கியபின் மின்சாரத்தைத் துண்டித்து உடனே அளந்தால் 50 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். 25 சதவீத உயர்வு. அதாவது ஏறக்குறைய 65 டிகிரி ஏற்றம். அறை 25 என்றால் சுருள் 90. இதைப் பயிற்சி பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும்.

இனி என் துறைக்கு வருகிறேன். 400 குழல் விளக்குகள் உள்ள ஒரு வளர்ப்பு அறையை உதாரணமாகக் கொள்வோம். ஒரு சோக்கின் இழப்பு 12 வாட். மொத்தம் 4.8 கிலோவாட். 16 மணி நேரத்திற்கு 76.8 யூனிட், ஆண்டிற்கு 28,032 யூனிட். இது முதல் செலவு. இவ்வெப்பம் குளிரூட்டிய அறைக்குள் விழுவதால் அதைக் குளிர்சாதனம் மறுபடி வெளியே இறைக்க வேண்டும். 3 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம் என்று கொண்டால், ஆண்டிற்கு மேலும் 9,344 யூனிட். இரண்டும் சேர்ந்து 37,376 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய். ஆண்டுதோறும். இந்த 4.8 கிலோவாட்டுக்காகவே சுமார் 1.4 டன் கூடுதல் குளிர்சாதனத் திறனை முதலிலேயே வாங்கியிருக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வெப்பத்தை முதலில் விலைகொடுத்து உண்டாக்குகிறோம். பிறகு விலைகொடுத்து விரட்டுகிறோம்.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. சோக்குகளையெல்லாம் வளர்ப்பு அறைக்கு வெளியே, தாழ்வாரத்திலோ தனி அறையிலோ, காற்றோட்டமுள்ள இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்திவிட்டு, கம்பி மட்டும் உள்ளே செல்லுமாறு செய்வது பழைய ஆய்வுக்கூடங்கள் அறிந்த முறைதான். சோக்கின் இழப்பு குறையாது. ஆனால் குளிர்சாதனத்தின் பளு குறையும். குப்பிகள் வியர்க்கா. ஒன்று புகைந்தாலும் செடிகள் இருக்கும் அறையில் புகையாது. கூடுதல் செலவு கம்பிக்கு மட்டுமே. அதுவும் ஒரு முறைதான்.

மின்னணுச் சோக்கு இரண்டாவது வழி. அதன் இழப்பு 3, 4 வாட்டுக்குள் அடங்கும், ஸ்டார்ட்டர் தேவையில்லை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. மின்னணுச் சோக்கு விளக்கிற்கு உயர் அதிர்வெண் மின்சாரத்தைத் தருவது. நீண்ட கம்பி அதற்கு ஒவ்வாது. அதை அறைக்கு வெளியே தூரத்தில் வைக்க இயலாது. சூடும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் அதற்கு விரோதிகள். மலிவான மின்னணுச் சோக்குகளை வாங்கி, ஓராண்டில் பாதியைக் குப்பையில் எறிந்து, 'பழைய இரும்புச் சோக்கே மேல்' என்று திரும்பியவர்களை அறிவேன். அவர்கள் மேல் குறை காண நான் தயாராக இல்லை. தரம் குறிப்பிடாமல் விலை மட்டும் கேட்ட கொள்முதல் முறையின் பலன் அது.

தீர்வு தெரிந்திருந்தும் ஏன் செய்வதில்லை? கூடம் அமைப்பவருக்கு மானியம் மூலதனச் செலவின் மேல் கணக்கிடப்படுகிறது. மின்கட்டணமோ நடைமுறைச் செலவு. அது பின்னால் வருவது. அலமாரி செய்து தரும் ஒப்பந்தக்காரர் மின்கட்டணத்தைச் செலுத்தப் போவதில்லை. மதிப்பீடு செய்யும் அலுவலருக்கு மூன்று விலைப்புள்ளிகளுள் குறைந்ததைத் தேர்ந்தால் தணிக்கையில் கேள்வி எழாது. கூடுதல் விலையுள்ளதைத் தேர்ந்தால் காரணம் எழுத வேண்டும். ஆக ஒவ்வொருவரும் தம் அளவில் அறிவோடு நடக்கிறார்கள். மொத்த விளைவு மட்டும் அறிவற்றதாகிறது. மின்சாதனங்கள் வாங்கும்போது நட்சத்திரக் குறியீட்டைக் கவனிக்க வேண்டுமென அரசின் பொது நிதி விதிகள் கூறுகின்றன. குழல் விளக்குகளுக்கான நட்சத்திரக் குறியீட்டுத் திட்டம் 2006ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் சோக்கு தனியாக வாங்கப்படுவதில்லையே! 'மின்னிணைப்புடன்' என்ற ஒரு சொல்லுக்குள் அது ஒளிந்துகொள்கிறது.

எதிர்மாறான அனுபவமும் நம் நாட்டிலேயே உண்டு. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகமாயின. 2014ஆம் ஆண்டில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. மொத்தக் கொள்முதலால் விலை இறங்கிற்று என்பதையே எல்லோரும் பேசுகிறார்கள். தொழில்நுட்ப விவரக் குறிப்பும் பழுதுக்கு மாற்றித் தரும் உத்தரவாதமும் கேட்டபிறகும் விலை இறங்கிற்று என்பதையே நான் அடிக்கோடிடுவேன்.

எல்.இ.டி. வந்துவிட்டதால் சோக்கின் பிரச்சினை ஒழிந்தது என்ற அபிப்பிராயம் பரவலாக உள்ளது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், குழல் விளக்குகளின் உற்பத்தியையும் வாணிபத்தையும் 2027ஆம் ஆண்டுக்குள் முடித்துக்கொள்ள 2023இல் இணங்கியுள்ளன. இந்தியாவும் அவ்வுடன்படிக்கையில் உண்டு. ஆகவே பழைய கூடங்களும் மாறியே தீரும். மாறட்டும். ஆனால் எல்.இ.டி.க்கும் ஒரு கடிவாளம் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். (ஒரு கூடத்தில் 'டிரைவர் சூடாகிவிட்டார்' என்று பதிவேட்டில் எழுதியிருந்ததைப் படித்து, வாகன ஓட்டிக்கு என்ன கோபமோ என்று எண்ணினேன்.) அதிலும் உட்கொள்ளும் மின்சக்தியில் 10 முதல் 15 சதவீதம் வெப்பமாகலாம். அதிலுள்ள மின்தேக்கிகள் சூட்டில் உலர்ந்து போகும். அங்கும் 10 டிகிரிக்குப் பாதி ஆயுள் என்ற அதே கணக்கு. எல்.இ.டி. ஒளிக்கதிரில் சூடு குறைவு என்பதால் விளக்கைச் செடிக்கு மிக அருகில், அடுக்குகளை நெருக்கி அமைக்கிறார்கள். சூடு விளக்கின் முதுகுப் பக்கம் உலோகத் தகட்டின் வழியே இறங்கி, மேல் அடுக்கின் அடியில் சேர்கிறது. அந்த அம்மையார் காட்டிய அதே வரிசை! நகரங்களில் மூடிய அறைக்குள் கீரையும் மூலிகையும் நீரில் வளர்க்கப் புறப்பட்டுள்ள இளைஞர்களும் இதைக் கவனிக்க வேண்டும். டிரைவரை விளக்கிலிருந்து பிரித்து, அறைக்கு வெளியே வைக்கக்கூடிய அமைப்புகள் கிடைக்கின்றன.

அந்த இரவுக்குப் பிறகு நான் மதிப்பிடும் கோப்புகளில் 'வளர்ப்பு அலமாரிகள், மின்னிணைப்புடன்' என்ற வரியை ஏற்பதில்லை. சோக்கு அல்லது டிரைவரின் வகை, அதன் மேல் அச்சிட்ட வெப்ப எண்கள், அது பொருத்தப்படும் இடம், அதைச் சுற்றியுள்ள பொருள் மரமா இரும்பா, விளக்கு வழிக்கும் குளிர்சாதன வழிக்கும் தனித்தனிப் பாதுகாப்பு விசை உண்டா என்று ஐந்து கேள்விகளை அனுப்புகிறேன். கோப்பு இரண்டு வாரம் தாமதமாகிறது. புகார்களும் வருகின்றன. எரியாத குழலை அன்றே கழற்றிவிடுவது யார் பொறுப்பு என்று ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தேன். அதற்குத் தெளிவான பதில் எழுதி அனுப்புவோர் இன்னும் குறைவு.

விபத்து நேர்ந்த கூடம் பிறகு மீண்டது. சோக்குகள் வெளித் தாழ்வாரத்திற்குச் சென்றன. அடுத்த முறை நான் சென்றபோது அந்த அம்மையார், ஓரத்து வரிசைக் குப்பிகளை எடுத்து மறுபடி காட்டினார். சுவர்கள் உலர்ந்திருந்தன.

உணவு இடைவேளைக்குப் பின் தங்களை இங்குள்ள வளர்ப்பு அறைக்கு அழைத்துச் செல்லவிருக்கிறார்கள். அறையின் சுவரிலுள்ள வெப்பமானியை நான் காலையிலேயே பார்த்துவிட்டேன், 25 டிகிரிதான். தாங்கள் நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வோர் அலமாரியிலும் அடுக்குப் பலகையின் மேற்பரப்பு வெப்பநிலையை நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். வெப்பமானிகளை மின்பொறியாளர் நண்பர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளைய வகுப்பை அந்த எண்களிலிருந்து தொடங்குவோம்.